நார்மலுக்குக் கீழே ஒரு தெரு

பெயிண்டர் அப்பாத்துரை எழுதிய ஆங்கிலச் சொற்களுக்கெல்லாம் ஏதாவது ஒரு பலன் இருந்தது. 'ஸ்டாப்' என்று எழுதினால் வண்டி நின்றது. 'நோ பார்க்கிங்' என்று எழுதினால் சரியாக அதன் அடியிலேயே வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். 'நார்மல்' என்று எழுதினால் என்ன ஆகும் என்பது மட்டும் அவருக்குத் தெரியாமல் இருந்தது. சீவலப்பேரி ஆற்றங்கரைத் தெருவில் அவரோடு குடியிருந்த யாருக்கும் தெரியாது. இப்போது எல்லாருக்கும் தெரியும்.

பெரிய வெள்ளம் வந்துபோன பிறகு, எங்கே தப்பு நடந்தது என்று கண்டுபிடிக்க ஒரு குழு போட்டார்கள். குழு ஊர் ஊராகப் போனது. போன ஊரிலெல்லாம் வடையும் காபியும் சாப்பிட்டது. கடைசியில் இப்படி எழுதியது: ஆறு பெருகியதில் தப்பு ஏதும் இல்லை. பெருகும்போது ஆளுக்கொரு சொல் சொன்னார்களே, அதுதான் தப்பு. காலையில் ஒரு அதிகாரி 'நார்மல்' என்றார். மத்தியானம் இன்னொருவர் 'நார்மல் இல்லை' என்றார். சாயங்காலம் மூன்றாமவர் 'கிட்டத்தட்ட நார்மல்' என்றார். ஜனங்கள் எதை நம்பி ஓடுவார்கள்? ஆகவே அந்த ஆங்கிலப் பெயரடையை யார், எப்போது, எந்தப் பொருளில் வாயைத் திறந்து சொல்லலாம் என்று முடிவு செய்யப் பாளையங்கோட்டையில் 'ஆற்றுநிலைச் சொல்லாட்சி வாரியம்' உதயமானது. ஏசி அறை, வட்டமேசை, வாசலில் குரோட்டன்ஸ் தொட்டிகள் எல்லாம் வந்தன. ஆறு தெரிகிற மாதிரி ஒரு ஜன்னல் மட்டும் அந்தக் கட்டடத்தில் இல்லை.

வாரியத் தலைவர் முனைவர் ஞானசிகாமணி. கல்லூரியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவர். அந்த ஒரே ஒரு சொல்லை ஆராய்ந்துதான் முனைவர் பட்டம் வாங்கினார் என்று கீழே இருப்பவர்கள் பயபக்தியோடு சொல்லிக்கொண்டார்கள்.

சீவலப்பேரிப் படித்துறை மண்டபத் தூணில் முதல் கோடு போட்ட அன்று ஷாமியானா போட்டு விழா நடந்தது. அப்பாத்துரை சிவப்பு எனாமலில் ஒரு கோடு இழுத்து, அதன் மேல் வெள்ளையில் 'நார்மல்' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினார். நூல் பிடித்த மாதிரி வந்திருந்தது. தலைவர் கோட்டுக்கு மாலை போட்டுவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"நார்மல் என்ற சொல்லுக்கு வழக்கமானது என்று ஒரு பொருள். இயல்பானது என்று ஒரு பொருள். அளவுக்கு உட்பட்டது என்று ஒரு பொருள். கவலைப்படத் தேவையில்லாதது என்று இன்னொரு பொருள். இந்தக் கடைசிப் பொருள் எந்த அகராதியிலும் கிடையாது. போன மாதக் கூட்டத்தில் நாங்கள் சேர்த்தோம்."

கைதட்டினார்கள். அப்பாத்துரையும் தட்டினார்.

விதியை விளக்கியது களப்பணியாளர் பெருமாள்ராஜ். வேலைக்குப் புதுசாக வந்த பையன், எதற்கெடுத்தாலும் போனைப் பார்க்கிறவன். தண்ணீர் கோட்டைத் தொட்டால் வாரியம் கூடும். கூடி 'நார்மல் இல்லை' என்று அறிவித்தால் பஞ்சாயத்து ஆபீஸ் மாடியில் சங்கு ஊதும். சங்கு ஊதினால்தான் மேட்டுப் பள்ளிக்கூடத்தைத் திறப்பார்கள், ஜனங்களை ஏற்றிப்போக வண்டி வரும். சங்கு ஊதாமல் யாராவது பள்ளிக்கூடப் பூட்டைத் தொட்டால் கேஸ்.

தெருவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். எல்லாரையும் விட சந்தோஷப்பட்டவர் தில்லைநாயகம். கூட்டுறவுப் பண்டகசாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனி ஆள், சட்டதிட்டம் என்றால் உயிர். தினமும் காலையில் குடையை எடுத்துக்கொண்டு படித்துறைக்குப் போய்க் கோட்டைப் பார்த்துவிட்டு, வரும் வழியில் வீட்டுக்கு வீடு சொல்லிக்கொண்டே வருவார்.

"ஏடே அப்பாத்துரை, தண்ணி கோட்டுக்குக் கீழதான் கிடக்கு. கோடுன்னா அது கோடுடே! கொஞ்சங்கூடக் கோணல் இல்ல. இனிமே கால் நீட்டித் தூங்கலாம்."

அப்பாத்துரைக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

ஐப்பசியில் மழை பிடித்தது. கார்த்திகையில் விட்டு விட்டுப் பெய்தது. மார்கழி பிறக்கும் சமயம் அப்பாத்துரையின் மனைவி பாக்கியவதி கிறிஸ்தவச் சபைக் கோயிலில் அசன விருந்துக்குப் பந்தி பரிமாறப் போனவள், தரையில் கொட்டிக் கிடந்த சாம்பாரில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டாள். தொடை வரைக்கும் மாவுக்கட்டு. பாக்கியவதி நல்ல தேகவாகு உள்ளவள். கட்டிலில் இருந்து நாற்காலிக்கு மாற்றவே அப்பாத்துரைக்கு மூச்சு வாங்கியது. இந்த நிலையில் ஆறு ஏறினால் இவளை எப்படித் தூக்கிக்கொண்டு ஓடுவது என்ற நினைப்பு அவரை விடவில்லை. சங்கு இருக்கிறது, வண்டி வரும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அந்த வாரமே தண்ணீர் கோட்டைத் தொட்டது.

வாரியம் கூடியது. கோடு போட்டவர் என்பதால் அப்பாத்துரையையும் வரச் சொன்னார்கள். டவுன் பஸ்ஸில் நனைந்துகொண்டே பாளையங்கோட்டைக்குப் போய், ஏசி அறையின் கதவோரம் முக்காலியில் உட்கார்ந்து நடுங்கினார். வட்டமேசையைச் சுற்றிப் பொருள் பிரிவு, பிரயோகப் பிரிவு, உச்சரிப்புப் பிரிவு உறுப்பினர்கள் முந்திரி கொறித்துக்கொண்டிருந்தார்கள்.

"தண்ணீர் கோட்டைத் தொட்டுவிட்டது என்கிறீர்கள். சரி. போன வருஷம் இந்த மாதம் இவ்வளவு தண்ணீர் வந்ததா?" என்று உறுப்பினர்களைக் கேட்டார் தலைவர்.

"வந்தது சார்."

"அதற்கு முந்தின வருஷம்?"

"வந்தது சார்."

"அடிக்கடி வருவதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வோம்?"

"நார்மல் சார்!" என்றார்கள் எல்லாரும், வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி.

"அப்படியானால் குற்றம் தண்ணீரில் இல்லை. கோடு கீழே இருக்கிறது. ஏற்றிப் போடுங்கள்."

அப்பாத்துரைக்குப் புரியவில்லை. எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். "ஐயா, கோட்டை ஏத்திப் போட்டா தண்ணி வத்திருமா?"

முந்திரி மெல்லும் சத்தம் நின்றது. தலைவர் அன்பாகச் சிரித்தார். "நல்ல கேள்வி. தண்ணீர் வற்றுவதும் வற்றாததும் வேறு துறை. வற்றாத தண்ணீரை என்ன சொல்லி அழைப்பது என்பதுதான் நம் பொறுப்பு. அதை நாம் ஒழுங்காகச் செய்தால் போதும்."

பதில் கணீரென்று இருந்தது. பெரிய படிப்புப் படித்தவர்கள் யோசிக்காமலா சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டு அப்பாத்துரை பஸ் ஏறினார். மறுநாள் காலையில் பெருமாள்ராஜ் ஏணியைப் பிடித்துக்கொள்ள, தூணில் ஒரு முழம் ஏற்றிப் புதுக் கோடு போட்டார். பழைய கோடு கலங்கல் தண்ணீருக்குள் போய்விட்டது. தில்லைநாயகம் குடையோடு வந்து பார்த்துவிட்டு, "தண்ணி கோட்டுக்குக் கீழதான் கிடக்கு" என்று வழக்கம்போல வீட்டுக்கு வீடு சொல்லிக்கொண்டு போனார்.

அதற்கப்புறம் நான்கைந்து நாள் சூரியனையே பார்க்க முடியவில்லை. மேலே அணையைத் திறந்துவிட்டார்கள் என்றார்கள். சிற்றாறும் பெருகி வருகிறது என்றார்கள். இரண்டு ஆறும் கூடுகிற இடத்தில் தண்ணீர் செம்மண் நிறத்தில் சுழித்தது. வாழைத்தார், தென்னை மட்டை, யார் வீட்டுக் கதவோ ஒன்று, எல்லாம் படித்துறையைத் தாண்டிப் போயின. ஆற்றின் இரைச்சல் கோயில் மணியையே அமுக்கிவிட்டது. அப்பாத்துரை மண்டபத்தின் உச்சியில் ஏறி, குனிந்து மேல்விளிம்பை ஒட்டி மூன்றாவது கோட்டைப் போட்டார். அவர் இறங்கி வருவதற்குள் தண்ணீர் அதை முகர்ந்து பார்த்தது.

பெருமாள்ராஜ் தலைவரைக் கூப்பிட்டான். போனில் ஸ்பீக்கரைப் போட்டான். "சார், தண்ணி மண்டபத்தை மூடப்போவுது. சங்கு ஊதட்டா சார்?"

தலைவரின் குரலில் பதற்றமே இல்லை. "தம்பி, ஒருதரம் நார்மல் இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார். ஏன் இல்லை என்று கேட்பார்கள். யார் பொறுப்பு என்று கேட்பார்கள். நம்மைத்தான் கேட்பார்கள். நார்மல் என்று சொல்லிப் பார், ஒரு ஈ காக்கா கேட்காது. என் ஆராய்ச்சியின் சாரமே இதுதான். அடுத்த கோட்டுக்கு இடம் இருக்கிறதா?"

"மண்டபத்துல இல்ல சார். தெருவுக்குள்ளதான்."

"தெருவிலும் சுவர்கள் உண்டு அல்லவா?"

ஆற்றங்கரைத் தெரு ஆற்றை நோக்கிச் சரிந்து கிடக்கிற தெரு. பள்ளமான முனையில் சபைக் கோயில். அதற்கு எதிரே தில்லைநாயகத்தின் வீடு, நாலு வீடு தள்ளி அப்பாத்துரையின் வீடு. கோயில் வாசலில் கணுக்கால் தண்ணீர் வந்திருந்தது. "கோயில் சுவர்ல நெஞ்சு உயரத்துக்குப் போடுங்கண்ணே" என்றான் பெருமாள்ராஜ், முகத்தைப் பார்க்காமல்.

அப்பாத்துரை பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "தம்பி, எம் பொஞ்சாதி கால் ஒடிஞ்சு கிடக்கா. சங்கு ஊதுனாத்தான பள்ளிக்கூடத்தைத் தெறப்பாவ? ஊதச் சொல்லுப்பா. ஒனக்குப் புண்ணியமாப் போவும்."

"அண்ணே, நீங்க கோடு போட்டுட்டீங்கன்னா தண்ணி கோட்டுக்குக் கீழ வந்துரும். கீழ இருந்தா ஊத முடியாது. போடலன்னா என் வேலை போயிரும். போட்டுருங்கண்ணே." பையன் அழுதுவிடுவான் போல இருந்தது.

அப்பாத்துரை போட்டார். ஏன் போட்டார் என்று பிற்பாடு பலதரம் தன்னைத்தானே கேட்டுக்கொண்டார். கை பழகிப்போயிருந்தது என்பதைத் தவிர வேறு பதில் கிடைக்கவில்லை. மழையிலும் கோடு நேராகவே வந்தது. நெஞ்சு உயரத்தில் சிவப்பாக மின்னியது. எதிர்வீட்டு ஜன்னலில் தில்லைநாயகம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து திருப்தியோடு தலையாட்டினார்.

அப்பாத்துரை வாளியைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார். நடையில் தண்ணீர் ஏறிவிட்டது. பாக்கியவதி கட்டிலில் சாய்ந்து நிம்மதியாகப் பச்சைப்பயறு உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, கிளம்பு. எப்படியாவது மேட்டுக்குப் போயிருவோம்."

"எதுக்குங்க? இப்பதான் அண்ணாச்சி ஜன்னல்ல இருந்து சத்தம் கொடுத்தாவ, கோடு நெஞ்சு உயரத்துல இருக்குன்னு. தண்ணி முழங்கால்கூட வரலியே. நீங்க போட்ட கோடுதான? நீங்களே நம்பலன்னா எப்படி?"

"அந்தக் கோட்டை நம்பாத! தண்ணி எங்க இருக்குன்னு பாத்துப் பாத்து அதுக்கு மேல போட்டேன். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் போட்டேன்." தெருவுக்கே துரோகம் செய்துவிட்டோம் என்பது அந்த நொடியில்தான் அவருக்கு உறைத்தது.

பாக்கியவதியின் கையில் இருந்த பயறு நழுவியது. புருஷனின் முகத்தையே பார்த்தாள். "அப்ப நம்ம தெருவுல கோடு போட்டது நீங்க இல்ல. ஆறுதான் போட்டிருக்கு" என்றாள்.

வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. தெருவின் மேட்டு முனையில் மைக் செட் கடை வைத்திருக்கும் அசன் மைதீன், தன் லோடு ஆட்டோவைத் தண்ணீரில் பின்பக்கமாகவே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"யாரு பாய் உங்களை வரச் சொன்னா? சங்குகூட ஊதலியே?" என்றார் அப்பாத்துரை.

"சங்கு என்னவே சங்கு! உம்ம வீட்டம்மா கால் ஒடிஞ்சு கிடக்குறது சங்குக்குத் தெரியுமா? கட்டிலோட தூக்கும். நான் அந்தப் பக்கம் பிடிக்கேன். பைய, பைய."

கட்டிலோடு தூக்கி ஏற்றினார்கள். மாவுக்கட்டு நனையாமல் இருக்க பாக்கியவதி காலின் மேல் மைக் செட் தார்ப்பாயைச் சுற்றிக்கொண்டாள். வண்டி மேட்டைப் பார்த்து நகர்ந்ததும் தெருவில் கதவுகள் திறந்தன. "கோடு போட்டவரே போறாருலே!" என்று யாரோ கத்தினார்கள். அவ்வளவுதான். வாரியம் செய்யாததை அந்த ஒரு கூச்சல் செய்தது. பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு, ஆடுகளை இழுத்துக்கொண்டு, தெருவே வண்டியின் பின்னால் ஓடியது.

தில்லைநாயகத்தின் ஜன்னல் அருகில் அப்பாத்துரை திரும்ப ஓடிப்போய்க் கும்பிட்டார். "அண்ணாச்சி, வந்திருங்க. எந்திரிங்க."

"சங்கு ஊதட்டும்டே. கோடு எம்புட்டு ஒசரத்துல இருக்கு பாரு! எல்லாரும் சட்டத்தை மீறி ஓடுனா, பிறகு சட்டம் எதுக்கு?"

"அண்ணாச்சி, அந்தக் கோடு பொய்!"

"நீ போட்ட கோடு பொய்யா? போடே, கிறுக்குப் பயலே!" என்று சிரித்தார் கிழவர். தண்ணீர் இடுப்பைத் தொட்டதும், வண்டியை மேட்டில் நிறுத்திவிட்டுத் தேடி வந்த அசன் மைதீன் அப்பாத்துரையின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

மேட்டுப் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. அசன் மைதீன் ஜாக்கிக் கம்பியால் பூட்டை உடைத்தார். சங்கு கடைசி வரைக்கும் ஊதவில்லை. மறுநாள் பார்த்தபோது தெரு இருந்த இடத்தில் ஆறு இருந்தது. சபைக் கோயிலின் சிலுவை மட்டும் வெளியே தெரிந்தது.

தண்ணீர் வடிந்த பிறகு தில்லைநாயகத்தை அவர் வீட்டுக்குள்ளேயே சகதியில் கண்டெடுத்தார்கள். நாற்காலி ஜன்னலைப் பார்த்துக் கவிழ்ந்து கிடந்தது. அந்த ஜன்னலில் இருந்து பார்த்தால் கோயில் சுவரும் சிவப்புக் கோடும் நேர் எதிரே தெரியும். அப்பாத்துரை அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். "அந்தக் கோட்டைக் கோணலாப் போட்டிருந்தாலாவது நீரு நம்பியிருக்க மாட்டீரே அண்ணாச்சி!"

விசாரணை வந்தது. தலைவரே நேரில் வந்து, ரப்பர் பூட்ஸ் போட்டு, பள்ளிக்கூட வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அப்பாத்துரையிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"தண்ணீர் கோட்டைத் தாண்டியதா? ஆமாம் அல்லது இல்லை."

"கூரைக்கு மேல போச்சு ஐயா."

"கூரையைக் கேட்கவில்லை. அன்று வாளியைப் போட்டுவிட்டு ஓவியர் சம்பவ இடத்தை விட்டுப் போய்விட்டதால், கோடு கூரைக்கு மேலே இருப்பதாகவே வாரியம் கருதிக்கொண்டது. கருதிக்கொண்ட கோட்டைத் தண்ணீர் தாண்டியதா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் தலைவர் எழுந்து நின்று ஊர் மக்களைப் பார்த்துப் பேசினார். "ஆகவே நிலைமை நெடுகிலும் நார்மல். வெள்ளம் என்ற சொல் இங்கே பொருந்தாது. பொருந்தாத சொல்லுக்கு நிவாரணம் வழங்க முடியாது. பெரியவர் தில்லைநாயகத்தின் மறைவு எங்களுக்கும் வருத்தம்தான். வயதானவர், தன் வீட்டில், தன் நாற்காலியில் இறந்திருக்கிறார். நார்மல் டெத். அவரைப் போல வாரியத்தை நம்பிய குடிமகன் இந்த மாவட்டத்திலேயே கிடையாது. அவர் பெயரில் ஒரு கருத்தரங்கு நடத்துவோம்."

கூட்டத்தில் யாரும் கை தட்டவில்லை. அதையும் நார்மல் என்றே அவர் எடுத்துக்கொண்டார்.

பிறகு பூட்டு விஷயம். நார்மலான காலத்தில் பள்ளிக்கூடப் பூட்டை உடைத்த குற்றத்துக்காக அசன் மைதீன் மீது கேஸ். அவருக்கு உடந்தையாக அப்பாத்துரை. கேஸை விட்டுவிட ஒரு வழி உண்டு என்று பெருமாள்ராஜ் தனியாக வந்து சொன்னான். கருதிக்கொண்ட கோட்டைத் தெருவில் நிஜமாகவே போட்டுக் கொடுத்துவிட வேண்டும். அப்பாத்துரை முடியாது என்றார். இனி அந்தச் சிவப்பைத் தொட்டால் என் கை அழுகட்டும் என்றார். ஆனால் அசன் மைதீனின் வண்டியைப் போலீஸ் நிறுத்தி வைத்திருந்தது. அந்த வண்டி இல்லாமல் அடுத்த மழைக்கு இந்தத் தெரு என்ன செய்யும்?

கடைசியில் போட்டார். சுவர் போதவில்லை, கூரை போதவில்லை. வீட்டுக்கு வீடு கூரையின் மேல் மூங்கில் நட்டு, மூங்கிலுக்கு மூங்கில் தகரம் கட்டி, அதில் தெரு நெடுகக் கோடு. தன் வீட்டுக் கூரையில் நின்றுகொண்டு கடைசி எழுத்தை எழுதிவிட்டுக் கீழே பார்த்தார். அடுப்புப் புகை, கொடியில் காயும் துணிகள், விளையாடும் பிள்ளைகள், கைத்தடியை ஊன்றி வாசலில் நிற்கும் பாக்கியவதி, எல்லாமே கோட்டுக்குக் கீழே இருந்தன. மேலே இருந்தது சபைக் கோயிலின் சிலுவை மட்டும்தான். அது வாரியத்தின் அடுத்த கூட்டத்தில் பரிசீலனைக்கு வருகிறது.

"இறங்கி வாங்க, மேக்க கறுக்குது" என்றாள் பாக்கியவதி.

அன்றிலிருந்து ஆற்றங்கரைத் தெருவில் யாரும் அண்ணாந்து கோட்டைப் பார்ப்பதில்லை. காலையில் எழுந்ததும் அசன் மைதீனின் லோடு ஆட்டோ எந்தப் பக்கம் முகத்தை வைத்து நிற்கிறது என்று பார்க்கிறார்கள். கடையைப் பார்த்து நின்றால் அவரவர் வேலைக்குப் போகிறார்கள். அந்த ஏற்பாட்டுக்கு விழாவும் நடக்கவில்லை, பெயரும் வைக்கவில்லை.

இன்று காலை அது பள்ளிக்கூடத்து மேட்டைப் பார்த்துத் திரும்பி நிற்கிறது.